வெர்டிகல் மவுஸா, ட்ராக்பாலா, இல்ல இடது கைக்கு மாறிடலாமா? கை வலிக்காரங்களுக்கு ஒரு ஒப்பீடு

இந்தக் கேள்வி எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் ஒரே அச்சுலதான் இருக்கும். "அண்ணா, மணிக்கட்டு வலிக்குது, வெர்டிகல் மவுஸ் ஆஃபர்ல ஓடுது, ரூம்மேட் ட்ராக்பால் வாங்குன்றான், எதுக்குப் போகட்டும்?" பெல்லந்தூர்ல டெஸ்டிங் பாக்குற தம்பி கேட்டாலும் சரி, அல்சூர்ல வீட்ல இருந்தே அக்கவுன்ட்ஸ் பாக்குற அக்கா கேட்டாலும் சரி, கேள்வி மாறாது. (வெர்டிகல்னா கை குடுக்கற மாதிரி நிமித்திப் பிடிக்கற மவுஸ், ட்ராக்பால்னா மவுஸ் ஒரே இடத்துல நிக்க, அதுல இருக்கற பந்த விரலால உருட்டறது.) ஆனா பதில் மாறும், ரெண்டு பேருக்கும் நேர் எதிரா கூட மாறும்.

ஏன்னா எந்த மவுஸும் கைல இருக்குற சுமைய இல்லாம ஆக்கறது கிடையாது. குடத்த ஒரு இடுப்புல இருந்து இன்னொரு இடுப்புக்கு மாத்துற மாதிரி, சுமைய வேற இடத்துக்குத் தள்ளும், அவ்ளோதான். பெட்டி மேல "எர்கோனாமிக்"னு போட்டிருக்கறத மட்டும் பாத்து வாங்குனா, மணிக்கட்டு வலி போய் கட்டை விரல் வலி வந்து நிக்கும். நான் ப்ராடக்ட் டிசைன் வேலைல இருக்கேன், நாள் முழுக்க த்ரீ-டி மாடல திருப்பித் திருப்பிப் பாக்குற பொழப்பு, அதனால இந்த விஷயத்துல கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்குங்க.

## எத வச்சு எடை போடுறது

மொதல்ல முன்கை. அதுல ரெண்டு எலும்பு. உள்ளங்கைய மேல பாத்தாப்ல வச்சா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கிடக்கும். டேபிள்ல மவுஸ் பிடிக்க உள்ளங்கைய கவுத்தா, கட்டை விரல் பக்கத்து எலும்பு இன்னொன்ன குறுக்கால தாண்டிப் படுத்துக்கும். ஆபீஸ் நேரம் முழுக்க கை அந்த முறுக்குலயே இருக்கு. ஒருத்தருக்கு கை குடுக்கும்போது கை எப்படி நிக்குதோ, அதுதான் முன்கைக்கு சவுகரியமான நிலை. இத திருகல்னு வச்சுக்குவோம்.

அடுத்தது மணிக்கட்டு. உள்ளங்கை அடில கார்ப்பல் டனல்னு ஒரு குறுகலான சந்து, அதுக்குள்ள விரல மடக்குற 9 தசைநாரும் மீடியன் நரம்பும் நெருக்கிக்கிட்டு போகுது. மணிக்கட்டு மேல் பக்கமா மடங்க மடங்க உள்ள அழுத்தம் ஏறும். கை சுண்டு விரல் பக்கமா ஒடிஞ்சு நிக்கறதும் நல்லதில்ல, மவுஸ மணிக்கட்ட மட்டும் வச்சு ஆட்டுற பழக்கம் இருக்கறவங்களுக்கு இது நாள் பூரா நடக்கும்.

மூணாவது ஒண்ணு இருக்கு, யாருமே கவனிக்க மாட்டாங்க: மவுஸ் எவ்ளோ தூரத்துல இருக்கு. நம்பர்பேட் உள்ள பெரிய கீபோர்டுன்னா, நீங்க டைப் பண்றது இடது பக்கத்துல, மவுஸ் அந்த நம்பர்பேட தாண்டி வலது பக்கம் தள்ளி. முழங்கை உடம்ப விட்டு வெளிய போகும், கைய தூக்கிப் பிடிக்கற வேலை தோளுக்கு வரும். சாயங்காலம் கழுத்தும் தோள்பட்டையும் இறுகுதுன்னு சொல்றவங்க மொதல்ல மவுஸ பாக்கக் கூடாது, நம்பர்பேட பாக்கணும்.

அப்புறம் விரல் மிதக்குறது. பட்டன் ரொம்ப லேசா அமுங்குற மவுஸ்ல, தெரியாம க்ளிக் ஆயிடுமோன்னு ஆள்காட்டி விரல லேசா தூக்கியே வச்சிருப்போம், நமக்கே தெரியாது. அப்படித் தூக்கிப் பிடிக்கற தசை முன்கையோட மேல்பக்கமா ஓடி முழங்கை வெளிப்பக்க எலும்புல போய் ஒட்டுது, கிரிக்கெட் பேட்ட தொடாதவனுக்கும் டென்னிஸ் எல்போ வர்றதுக்கு இது ஒரு காரணம். லேசான பட்டன் நல்லதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க, மவுஸ் டிசைன் பண்றவங்களுக்கு இது கத்தி மேல நடக்கற விஷயம், ரொம்ப கெட்டியா வச்சா விரல் நோவும், ரொம்ப லேசா வச்சா முழங்கை நோவும்.

கடைசியா கட்டை விரல். போன்ல ஸ்க்ரோல், வாட்ஸ்அப்ல டைப்பிங், எல்லாம் அதுதான் பண்ணுது. ஏற்கனவே ஓவர்டைம்ல இருக்குற விரல் அது, மவுஸ் வேலையும் அது தலைல கட்டலாமா வேணாமான்னு யோசிச்சுக்கணும்.

இது போக என்ன வேலை, டேபிள்ல எவ்ளோ இடம், சீட்டு தினம் மாறுமா, இதெல்லாம் கீழ அந்தந்த இடத்துல வரும்.

| எது | எங்க சுமை குறையும் | சுமை எங்க போகும் | பழக எவ்ளோ | செலவு |
|---|---|---|---|---|
| சாதாரண மவுஸ் + நம்பர்பேட் இல்லாத கீபோர்டு | தோள், மணிக்கட்டு பக்கவாட்டு ஒடிவு | திருகல் அப்படியே இருக்கும் | உடனே | கீபோர்டு விலை மட்டும் |
| வெர்டிகல் மவுஸ் | முன்கை திருகல் | கட்டை விரல் எதிர் அழுத்தம், தோள் | ஒன்னு ரெண்டு வாரம் | ஆயிரத்த ஒட்டி ஆரம்பிச்சு பல ஆயிரம் வரை |
| கட்டை விரல் ட்ராக்பால் | தோள், முழங்கை, மணிக்கட்டு அசைவு | கட்டை விரல் தசைநார் | சில வாரம் | சில ஆயிரம் |
| நடுவுல பெரிய பந்து ட்ராக்பால் | மேல சொன்னதோட கட்டை விரலும் | மணிக்கட்டு மேல மடங்கலாம் | கூடுதல் | சில ஆயிரத்துல இருந்து மேல |
| இடது கைக்கு மாறுறது | வலது கை முழுசா | இடது கை, ஷார்ட்கட் | பொறுமையப் பொறுத்து | ஒன்னுமில்ல |

## வெர்டிகல் மவுஸ்

இதோட ஐடியா ரொம்ப நேரானது: கை கவுந்து இருக்கறதுதான் பிரச்சனைன்னா, மவுஸ நிமித்தி வச்சிடு. லாஜிடெக் 2018ல விட்ட எம்எக்ஸ் வெர்டிகல், அப்புறம் 2022ல விட்ட லிஃப்ட், ரெண்டும் 57 டிகிரி சாய்வு. 90 டிகிரி நேரா நிமித்தினா இன்னும் நல்லதுதானேன்னு தோணும். அங்கதான் டிசைன் சிக்கல் இருக்கு, இத யாரும் விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க.

சாதாரண மவுஸ்ல க்ளிக் பண்ணா விரல் கீழ அமுக்குது, மவுஸ் டேபிளோட இன்னும் ஒட்டிக்குது, நகராது. வெர்டிகல்ல க்ளிக் பண்ணா விரல் பக்கவாட்டுல தள்ளுது. 57 டிகிரில கணக்கு போட்டா, நீங்க குடுக்கற அழுத்தத்துல 84 சதவீதம் அளவுக்கு மவுஸ பக்கத்துல தள்ளுற விசையா போகுது. க்ளிக்குக்கு 60-70 கிராம் அழுத்தம் வேணும்னு வச்சுக்குங்க, 125 கிராம் எடை உள்ள மவுஸ் வழுக்குற பாதத்தோட டேபிள்ல நிக்குது, அந்த தள்ளுதலுக்கு அது நகர்ந்துடும். அத நகரவிடாம மறுபக்கம் இருந்து பிடிச்சுக்கறது யாரு? கட்டை விரல். ஒவ்வொரு க்ளிக்குக்கும். 90 டிகிரியா இருந்தா மொத்த விசையும் பக்கத்துலதான் போகும், சின்ன பட்டன்ல குறி பாத்து அடிக்கறது இன்னும் கஷ்டம். அதனாலதான் நல்ல வெர்டிகல் மவுஸெல்லாம் கனமா, அகலமா, ரப்பர் பிடியோட இருக்கு, எடை குறைவான மலிவு மாடல்ல க்ளிக் பண்ணும்போது பாயின்டர் துள்ளுறதுக்கும் இதுதான் காரணம்.

மறைமுக செலவு இன்னும் இருக்கு. கீபோர்டுல இருந்து கைய மேலாக்க கொண்டு வந்து மவுஸ் மேல வைக்கற பழக்கத்துல இருந்தா இத தட்டிவிட்டுடுவீங்க, பக்கவாட்டுல இருந்து வந்து பிடிக்கணும். விரல் நுனியால மவுஸ நூலளவு நகர்த்துற நுணுக்கம் போயிடும், அசைவு முழங்கைல இருந்து வரணும், அதுக்கு டேபிள் முழங்கை உயரத்துல இருக்கணும். டைனிங் டேபிள்ல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு டேபிள் பொதுவா உசரமாத்தான் இருக்கும், அங்க வெர்டிகல் மவுஸ் தோள மேல தூக்க வச்சிடும். அப்புறம் சுண்டு விரல் ஓரம் டேபிள்ல உரசும், கீழ தட்டு மாதிரி விரிஞ்ச மாடல்ல இது குறைவு.

இன்னொன்னு சொல்லியே ஆகணும். கார்ப்பல் டனல் பிரச்சனை இருக்கறவங்ககிட்ட 2015ல வெளியான ஒரு ஆய்வுல, வெர்டிகல் மவுஸ், மணிக்கட்டுக்கு கீழ வைக்கற ஜெல் பேட் மாதிரி சாமான்லாம் மணிக்கட்டு நிலைய மாத்துது, ஆனா அந்த சந்துக்குள்ள இருக்கற அழுத்தத்த குறைக்கலன்னு தெரிஞ்சுது. அதனால கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் ராத்திரில மரத்துப் போகுது, கைய உதறினாத்தான் சரியாகுதுன்னு இருந்தா அது மீடியன் நரம்பு சமாச்சாரமா இருக்கலாம், மவுஸ் தேடாம டாக்டர பாருங்க. முன்கை இழுக்குது, முறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்குன்னா, அப்ப வெர்டிகல் மவுஸ் சரியான ஆளு.

யாருக்கு நல்லது: கோடிங், மெயில், எக்செல்னு நடுத்தர அளவு மவுஸ் வேலை, தனக்குனு ஒரு டேபிள். யாருக்கு வேணாம்: ஃபோட்டோஷாப்ல முடி முடியா மாஸ்க் பண்றவங்க, ஷூட்டிங் கேம் ஆடுறவங்க, கட்டை விரல் அடில ஏற்கனவே வலி இருக்கறவங்க.

இடது கை பழக்கம் உள்ளவங்க மாடல் பேர பாத்து வாங்குங்க, வடிவம் ஒரு கைக்குத்தான் செட் ஆகும். லிஃப்ட்லயும், எவல்யூவன்ட்னு ஒரு கம்பெனியோட வெர்டிகல்லயும் இடது கை மாடல் உண்டு, எம்எக்ஸ் வெர்டிகல்ல கிடையாது.

## கட்டை விரல் ட்ராக்பால்

ட்ராக்பால் ஏதோ புதுசுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, மவுஸ விட மூத்தது அது. பிரிட்டிஷ் கடற்படைக்காக ரால்ஃப் பெஞ்சமின் 1946லயே உருட்டுற பந்து வச்சு ஒன்னு பண்ணாரு, 1952 வாக்குல கனடா கடற்படையோட டேட்டார் ப்ராஜெக்ட்ல ஃபைவ்-பின் பவுலிங் பந்தையே எடுத்து வச்சிருந்தாங்க. டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்லிஷும் மரக்கட்டைல மவுஸ் செஞ்சது 1964ல. அந்தக் கட்டைக்கு அடில ரெண்டு சக்கரம் இருந்துச்சு, அப்புறம் ரப்பர் பந்து வந்துச்சு, இப்ப வெறும் லைட்டும் சென்சாரும்தான், ஆனா கைய கவுத்துப் பிடிக்கற அந்தப் பெட்டி உருவம் மட்டும் இன்னும் நம்மள விட்டுப் போகல.

ட்ராக்பால் இந்த விஷயத்த வேற பக்கம் இருந்து அணுகுது. மவுஸ் நகரவே நகராது, பந்து மட்டும் உருளும். தோள், முழங்கை, மணிக்கட்டு மூணுக்கும் ரெஸ்ட். டேபிள்ல ஒரு சாண் இடம் போதும், தொடை மேல வச்சு கூட ஓட்டலாம். பிடிஎம் லேஅவுட் பிஜி ரூம்ல கட்டில்லயே லேப்டாப்ப வச்சு வேலை பாக்கற பசங்களுக்கு இதுக்கு இணையா எதுவும் இல்ல.

லாஜிடெக்கோட எர்கோ எம்575 மாதிரி மாடல்ல 34 மில்லிமீட்டர் பந்து, கட்டை விரலுக்கு கீழ. எம்எக்ஸ் எர்கோல அடில ஒரு தகடு, மவுஸ 20 டிகிரி சாய்ச்சுக்கலாம், திருகலும் கொஞ்சம் குறையும். பழகிட்டா க்ளிக் பண்ண ஒரு விரல், நகர்த்த ஒரு விரல்னு வேலை பிரிஞ்சு இருக்கறதால பிடிச்சு இழுக்கறதும் கஷ்டமில்ல, க்ளிக் பண்ணும்போது பாயின்டர் ஆடாது.

ஆனா மொத்த பாயின்டர் வேலையும் ஒரே விரலுக்கு. கட்டை விரல பக்கவாட்டுல விரிக்கற, நீட்டற ரெண்டு தசைநார் மணிக்கட்டு ஓரத்துல ஒரே உறைக்குள்ள போகுது, அங்க உரசி வீங்குனா டி குவர்வெய்ன்னு சொல்ற வலி. கைக்குழந்தைய தூக்கற அம்மாக்களுக்கு அடிக்கடி வர்ற அதே வலிதான். வீட்ல கைக்குழந்தை இருக்கு, போன்லயும் விடாம டைப் பண்றேன்னா தயவுசெஞ்சு கட்டை விரல் ட்ராக்பால் பக்கம் போகாதீங்க. இத ஆஃபர்ல பாத்து வாங்கிக்கிட்டு வந்து நிக்கறவங்க அதிகம்.

சுத்தம் பண்ற வேலையும் உண்டு. பந்து மூணு குட்டி உருண்டை மேல உக்காந்திருக்கும், விரல் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அங்க மொச்சைக்கொட்ட தோல் மாதிரி படியும், பந்து கரகரன்னு சிக்கும். அடில இருக்கற ஓட்டை வழியா பென்சில் முனைய விட்டு தள்ளினா பந்து வெளிய வரும், துடைச்சு போடணும். பக்கத்துல எங்கயாவது மெட்ரோ வேலை இல்ல ப்ளைஓவர் வேலை நடந்துக்கிட்டிருந்தா இத அடிக்கடி பண்ணுவீங்க.

## நடுவுல பெரிய பந்து ட்ராக்பால்

கென்சிங்டன் எக்ஸ்பர்ட் மாதிரி. 55 மில்லிமீட்டர் பந்து நடுவுல, சுத்தி வளையம் மாதிரி ஸ்க்ரோல், நாலு பட்டன். ரெண்டு மூணு விரல் சேர்ந்து உருட்டுறதால ஒரு விரலுக்கும் தனிச் சுமை இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே வடிவம், எந்தக் கைலயும் ஓட்டலாம், காலைல வலது மத்தியானம் இடதுன்னு மாத்திக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இத மத்ததுக்கு மேல வைப்பேன்.

குறை என்னன்னா உயரம். பந்து மேடா இருக்கறதால, மணிக்கட்ட டேபிள்ல ஊன்றி விரல மட்டும் தூக்கினா கை மேல் பக்கமா மடங்கிடும், எத குறைக்கணும்னு வந்தோமோ அதுவே கூடிடும். முன்கைய டேபிள்ல நல்லா உள்ள தள்ளி சாய்ச்சு வச்சுக்கணும், இல்ல கூட வர்ற, மணிக்கட்ட தாங்கற பட்டைய மாட்டிக்கணும். பட்டன அமுக்கிக்கிட்டே பந்த உருட்டி இழுக்கறதும் சள்ள பிடிச்ச வேலை. டைம்லைன்ல க்ளிப்ப பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கற வீடியோ எடிட்டர்ங்க ஒரு பட்டன டிராக் லாக்குக்கு (ஒரு தடவ அமுக்கினா விடாம பிடிச்சே இருக்கற செட்டிங்) வச்சுக்கிட்டாத்தான் தப்பிப்பாங்க.

## இருக்கற மவுஸ், சின்ன கீபோர்டு

பரபரப்பா பேச ஒன்னுமில்ல, ஆனா மொதல்ல பண்ண வேண்டியது இதுதான். நம்பர்பேட் இல்லாத கீபோர்டு வாங்குனா மவுஸ் ஒரு கை அகலம் உள்ள வரும். டிபிஐ, அதாவது கை நகர்றதுக்கு பாயின்டர் எவ்ளோ தூரம் ஓடணும்ங்கற செட்டிங், அத கொஞ்சம் ஏத்தி வச்சா கை நகர்ற தூரம் குறையும், ரொம்ப ஏத்தினா பாயின்டர நிறுத்தவே விரல இறுக்க வேண்டி வரும். அக்கவுன்ட்ஸ் ஆளுங்களுக்கு நம்பர்பேட் இல்லாம முடியாது, அவங்க தனி யூஎஸ்பி நம்பர்பேட வாங்கி இடது பக்கம் வச்சுக்கலாம். தோள், கழுத்து வலிதான் முக்கியம்னா வேற எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி இத செஞ்சு பாருங்க. திருகல இது தொடாது.

## இடது கைக்கு மாறுறது

காசு செலவில்லாத வழி. இதுல ஒரு போனஸ்: இடது பக்கம் நம்பர்பேட் இல்ல, அதனால மவுஸ் தானாவே உடம்புக்கு பக்கத்துல வந்துடும். செட்டிங்ஸ்ல பட்டன மாத்திக்கங்க, மவுஸ் ரெண்டு பக்கமும் ஒரே வடிவமா இருக்கணும். ஆரம்பத்துல எரிச்சலா வரும், அதனால மெயில் படிக்கறது, பிரவுசிங்னு அவசரமில்லாத வேலைல ஆரம்பிச்சா ஒட்டிக்கும்.

மறைஞ்சிருக்கற விலை ஷார்ட்கட். காப்பி, பேஸ்ட், அன்டூ எல்லாம் கீபோர்டோட இடது மூலைல இருக்கு, அந்தக் கை இப்ப மவுஸ்ல. வலது கைய குறுக்கால கொண்டு வரணும். நாள் முழுக்க காப்பி பேஸ்ட் பண்ற வேலைன்னா இது தாங்காது. முழுசா மாறவும் வேணாம், முழுசா மாறினா கொஞ்ச வருஷத்துல இடது கைலயும் அதே கதை ஆரம்பிக்கலாம், பாதி பாதியா பிரிச்சுக்கங்க.

பென் டேப்லெட், கீபோர்டுக்கு முன்னாடி வைக்கற ரோலர் பார் ரெண்டும் கூட இருக்கு. வரையறவங்களுக்கு பென் டேப்லெட் அருமை, டைப் பண்றவங்களுக்கு பேனாவ எடுக்கறதும் வைக்கறதுமே ஒரு வேலை. ரோலர் பார் நல்ல டிசைன், விலையப் பாத்தா ஆபீஸ் காசுல வாங்குறதுதான் புத்திசாலித்தனம்.

## பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு மட்டும் ரெண்டு விஷயம்

வலி எல்லாத்துக்கும் மவுஸ் மேல பழி போடாதீங்க. பைக்ல சில்க் போர்டு ஜங்ஷன தாண்டி வேலைக்கு போறவர்னா, வலது மணிக்கட்டு ஆக்சிலரேட்டர்ல மடங்கி முறுக்கி, பிரேக்குக்கு விரல் நீட்டி, அப்படியே ஊர்ந்து போகுது. ஆபீஸ்ல வந்து அதே கை மவுஸ பிடிக்குது. இவங்களுக்கு நான் சொல்றது, ஒரு வாரம் மெட்ரோலயோ கேப்லயோ போயி பாருங்க. வலி பாதியா குறைஞ்சா மவுஸுக்கு போட வேண்டிய காச பஸ் பாஸுக்கு போடலாம். இடது கைக்கு மாறுறதும் இவங்களுக்குத்தான் ரொம்ப பொருந்தும், வலது கைக்கு ஒரு வேலையாவது குறையுது.

அடுத்தது சீட்டு. தினம் ஒரு டேபிள்னு ஆகிட்ட ஆபீஸ்ல, பைல போட்டு தூக்கிட்டு போற மாதிரி இருக்கணும். எம்எக்ஸ் எர்கோ மாதிரி இரும்புத் தகடு உள்ளதெல்லாம் 250 கிராம தாண்டும், லேப்டாப் பைல அது இன்னொரு சார்ஜர். லிஃப்ட், எம்575 ரெண்டும் ஒரே ஒரு டபுள் ஏ பேட்டரில ஓடும், அது வசதி. டேபிள் உயரம் சீட்டுக்கு சீட்டு மாறும்னா வெர்டிகல்ல விட ட்ராக்பால் கம்மியா படுத்தும், கை நகர வேண்டியதே இல்லையே.

வாங்குறதுக்கு முன்னாடி மணிக்கட்டு ரேகைல இருந்து நடு விரல் நுனி வரைக்கும் அளந்துக்கங்க. லிஃப்ட் 19 சென்டிமீட்டர் வரைக்கும் உள்ள கைக்குனு சொல்றாங்க, அதுக்கு மேல எம்எக்ஸ் வெர்டிகல். சின்னக் கைக்காரங்க பெரிய வெர்டிகல வாங்குனா மேல் பட்டனுக்கு விரல எட்டி எட்டி நீட்டுவாங்க, திருகல குறைச்சு விரல கெடுத்த கதைதான். முடிஞ்சா கம்ப்யூட்டர் சாமான் கடைங்க இருக்கற எஸ்பி ரோடு போயி, டிஸ்ப்ளேல இருக்கறத பிடிச்சு பாருங்க, சும்மா பிடிச்சா பத்தாது, பத்து இருபது க்ளிக் பண்ணி மவுஸ் பக்கத்துல துள்ளுதான்னும் கட்டை விரல் இறுகுதான்னும் கவனிங்க. ஞாயித்துக்கிழமை போகாதீங்க, நிறைய கடை மூடி இருக்கும். ஆன்லைன்ல வாங்குறதா இருந்தா திருப்பி எடுத்துப்பாங்களா, இல்ல வேற பீஸ்தான் மாத்தி குடுப்பாங்களான்னு ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே படிச்சுக்கங்க, கைக்கு ஒத்து வரலன்னு திருப்பறதுக்கும் பழுதுன்னு மாத்துறதுக்கும் வேற வேற ரூல்.